சீதாராமன் குழாய் மாற்றிய கதை

வெளியே பழகியவர்கள் சீதாராமனை நிதானமானவர் என்பார்கள். வீட்டில் அவர் மனைவி சுந்தரவல்லி அதையே வேறு மாதிரி சொல்வாள்: "இவர் முடிவு பண்றதுக்குள்ள அந்தக் காரியத்துக்கே வயசாயிடும்." பல வருஷங்கள் அவள் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்லிவந்தாள்.

அவருடைய தாத்தா 1926-ல் கும்பகோணத்திலிருந்து கல்கத்தாவுக்கு வந்து, டல்ஹௌசி சதுக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தவர். அப்பாவுக்கும் அதே கம்பெனி. சீதாராமன் வங்கியில் சேர்ந்து, இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருபத்திரண்டு வருஷம் இருந்து ஓய்வு பெற்றார். கிளை கிளையாகப் போய்ப் பரிசோதித்து அறிக்கை எழுதுகிற வேலை. மற்றவர்கள் மூன்று நாளில் முடிப்பதற்கு அவருக்கு ஒன்பது நாள் ஆகும். ஆனால் அவர் எழுதியதில் ஒரு வரியைக்கூடத் தப்பென்று யாரும் காட்டியதில்லை. அந்தப் பெயர் அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. அவசரப்படாமல் இருந்தால் தப்பு நேராது என்று முழுசாக நம்பினார்.

சுந்தரவல்லி திருச்சிப் பெண். கல்யாணமாகி வந்த மறு வருஷமே டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை கிடைத்தது. காதில் ஒரு குரல் விழுந்ததும் கை தானாகப் போய் இணைப்பைக் கொடுக்கும். வீட்டிலும் அப்படித்தான். கத்தரிக்காயோ புடவையோ, பார்த்த மாத்திரத்தில் எடுத்துவிடுவாள். அவர் ஃப்ரிட்ஜ் வாங்க இரண்டு கோடைகாலம் எடுத்துக்கொண்டார். 1994-ல் பெஹாலாவில் ஒரு ஃபிளாட் வந்தது. தென்பக்கம் காற்று வரும், பால்கனியில் நின்றால் ஒரு குளம் தெரியும். அவளுக்குப் பிடித்துவிட்டது. அவர் பத்திரங்களை வாங்கி வந்து நாலு மாதம் படித்தார். ஐந்தாவது மாதம் அதை வேறொருவர் வாங்கிவிட்டார். பத்திரத்தில் ஒரு குறையும் இல்லை என்பதை அவர் அதற்கு அப்புறம்தான் உறுதி செய்துகொண்டார்.

ஆகவே பவானிபூரில் தாத்தா காலத்து வாடகை வீட்டிலேயே இருந்தார்கள். மூன்று தளங்கள் கொண்ட பழைய வீடு, நடுத்தளத்தில் இவர்கள். கீழே ரீனா பௌதி, அதாவது ரீனா அண்ணி, என்று எல்லோரும் கூப்பிடுகிற ஒரு விதவை தனியாக இருந்தாள். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து இரும்புக் குழாய் இறங்கி, இவர்களுடைய சமையலறைக்கும் குளியலறைக்கும் தண்ணீர் கொண்டுவந்தது. 2020 டிசம்பரில் அந்தத் தண்ணீர் மெலிய ஆரம்பித்தது. ஒரு வாளி நிறைய முதலில் ஐந்து நிமிஷம் ஆயிற்று, பிறகு பத்து, பிறகு அரை மணி.

ஜேனா என்ற ஒடிசாக்காரப் பிளம்பரைக் கூப்பிட்டார்கள். அந்தத் தெருவில் எல்லா வீட்டுக் குழாயும் அவர் கைபட்டதுதான். அவர் மூலையில் குழாய் திரும்புகிற இடத்து எல்போவைக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வெளியே பார்க்கத் திடமாக இருந்தது. உள்ளே துரு பாறைபோலக் கட்டிக்கொண்டு, நடுவில் பென்சில் நுழைகிற அளவுக்குத்தான் துளை மிச்சமிருந்தது.

"இதைச் சுத்தம் பண்ண முடியாது, மேஷோமஷாய். முழு லைனையும் மாத்தணும்" என்றார் ஜேனா. சித்தப்பா முறை சொல்லித்தான் சீதாராமனைக் கூப்பிடுவார். சுந்தரவல்லி அவருக்கு மாஷிமா, சித்தி. பேச்சு வங்காளியில்.

"எதைப் போடறது?"

"பழையபடி இரும்பே போடலாம். இல்லேன்னா சி.பி.வி.சி. போடலாம், வெந்நீர் தாங்கற பிளாஸ்டிக். சூட்டுல ஒட்டற பச்சைக் குழாயும் இருக்கு. நீங்க சொல்லுங்க, நாலு நாள் வேலை."

வீட்டுக்காரர் கல்கத்தாவின் இன்னொரு கோடியில், சால்ட் லேக்கில் இருந்தார். போனில், "நீங்களே செய்துகொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை" என்று சொல்லிவிட்டார். எனவே முடிவு சீதாராமன் கைக்கு வந்தது.

அவர் ஒரு நீள நோட்டை எடுத்து, பக்கத்தை மூன்றாகப் பிரித்துக் கோடு போட்டார். இரும்பு என்றால் திடம். ஆனால் இருபது வருஷத்தில் மறுபடி இதே கதை. பிளாஸ்டிக் துருப்பிடிக்காது, ஆனால் மொட்டை மாடி வெயிலில் நொறுங்குமோ? கீசரில் இணைகிற இடத்தில் பிளாஸ்டிக் திருகுமரை வெந்நீரில் இளகினால்? மரைக்குள் பித்தளை பதித்த எல்போ இருக்கிறது என்றார்கள். அந்தப் பித்தளை பிளாஸ்டிக்கை விட்டுக் கழன்று வந்தால்? மேலிருந்து இறங்குகிற லைன் முக்கால் இன்ச்சா, ஒரு இன்ச்சா? ஒரு கம்பெனிக் குழாயில் இன்னொரு கம்பெனியின் மூன்றுவழி டீ சரியாக உட்காருமா? குடிக்கிற தண்ணீரில் அந்தப் பசை கலக்குமா?

கேள்வி ஒவ்வொன்றும் நியாயமானதுதான். அதுதான் கஷ்டம். மெட்ரோவில் கல்கத்தாவின் சாந்தினி சௌக் கடைத்தெருவுக்குப் போய் ஒவ்வொரு கடையிலும் ஒன்றிரண்டு மாதிரி வாங்கி வருவார். கோவிட் இரண்டாவது அலையில் கடைகள் மூடியபோது கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதினார். அவர்கள் பதில் போட்டார்கள். அந்தப் பதில்களிலிருந்து புதுக் கேள்விகள் முளைத்தன. சாப்பாட்டு மேஜையின் பாதியை எல்போக்களும் டீக்களும் கழற்றி மாட்டுகிற யூனியன்களும் பிடித்துக்கொண்டன. ஒரு நாள் சமையலறையில் பிளாஸ்டிக் எல்போ ஒன்றை நாலு மணி நேரம் கொதிக்கவைத்து, வெளியே எடுத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தார்.

சுந்தரவல்லி எட்டிப் பார்த்தாள். "ரசம் வைக்கற பாத்திரம் அது."

"அலம்பிடறேன். பாரு, துளிக்கூட வளையலை."

"அப்போ அதையே போட்டுடலாமே."

"பித்தளை வெச்சதை இன்னும் பார்க்கலை, வல்லி. பித்தளையும் பிளாஸ்டிக்கும் சூட்டுல ஒரே அளவு விரியாது."

அவள் வாளியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

முற்றத்துக் குழாயில் காலையும் மத்தியானமும் கார்ப்பரேஷன் தண்ணீர் நன்றாக வரும். அங்கிருந்து மாடிக்குத் தூக்கிவர வேண்டும். வேலைக்கு வருகிற மாலதி காலையில் எட்டு வாளி கொண்டுவந்து குளியலறையில் இருந்த சிமென்ட் தொட்டியை நிரப்பிவிட்டுப் போவாள். அது போதாமல் போகிறபோதும், மாலதி வராத நாட்களிலும் சுந்தரவல்லி தூக்கினாள். சீதாராமனுக்கு ஹெர்னியா ஆபரேஷன் ஆகியிருந்தது. கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளுக்கு வலது முழங்காலில் வலி. அதற்கு டாக்டர் எதுவும் தடை சொல்லவில்லை. அவள் டாக்டரிடம் போகவே இல்லை.

இரண்டாவது வருஷக் கடைசியில் ஒரு நாள் அவள் மேஜைக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏன்னா, ஏதாவது ஒண்ணைப் போடுங்கோ. இரும்போ, பிளாஸ்டிக்கோ, மூங்கிலோ. எனக்கு மாடியில தண்ணி வந்தாப் போறும்."

"தப்பானதைப் போட்டுட்டா சுவரை மறுபடி உடைக்கணும்."

"உடைச்சாப் போறது. நமக்கு என்ன, இன்னும் அம்பது வருஷமா?"

"இன்னும் ஒரு மாசம் குடு."

அவள் எழுந்து போனாள். முன்பெல்லாம் சொல்கிற அந்த வேடிக்கை வாக்கியத்தை அவள் சொல்லி நாளாயிற்று என்று அவருக்கு அப்போது தோன்றவில்லை. வெகு நாள் கழித்துத்தான் தோன்றியது.

2023 துர்கா பூஜை. சப்தமி அன்று காலை. மாலதி நாலு நாள் லீவு சொல்லிவிட்டுக் கானிங் பக்கத்துத் தன் ஊருக்குப் போயிருந்தாள். தெருமுனைப் பந்தலில் டாக் என்கிற பெரிய மேளம் அடிக்கிற சத்தம் வீட்டுக்குள் அதிர்ந்தது. சீதாராமன் மேஜையில் இரண்டு பித்தளை மரை எல்போக்களை வைத்துக்கொண்டு, எதில் பித்தளை தடிமன் என்று பார்த்துக்கொண்டிருந்தார். வல்லி வாளியோடு கீழே போனதை அவர் பார்த்தார். அதை அவர் பிறகு ஒருநாளும் மறைக்கவில்லை.

முதலில் வாளி உருண்ட சத்தம் கேட்டது. அப்புறம் தண்ணீர் படிப்படியாக இறங்குகிற சத்தம். மனுஷக் குரல் எதுவும் கேட்காததால் வாளிதான் கைநழுவிவிட்டது என்று நினைத்தார். கீழே ரீனா பௌதி கத்தியபோதுதான் எழுந்தார்.

படி திரும்புகிற இடத்தில் அவள் ஒருக்களித்துக் கிடந்தாள். இடது கால் வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தது. புடவை முழுக்க நனைந்திருந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தார்.

"தொடாதேங்கோ" என்றாள். "யாராவது நாலு பேரைக் கூப்பிடுங்கோ."

பந்தலால் தெரு அடைபட்டிருந்தது. ஆம்புலன்ஸ் உள்ளே வர வழியில்லை. புது ஜிப்பாவோடு பந்தலில் நின்ற இளைஞர்கள் ஓடிவந்து, அவளை ஒரு பலகையில் கிடத்தி, கும்பலை விலக்கிக்கொண்டு பெரிய ரோடு வரை தூக்கிப்போனார்கள். சீதாராமன் அவளுடைய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார். எதற்கு எடுத்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. பூஜை விடுமுறை முடிந்து டாக்டர் வந்து, நாலாவது நாள்தான் ஆபரேஷன் நடந்தது. மகள் மதுவந்தி புனேயிலிருந்து வந்தாள். அங்கே ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை, தனியாக இருக்கிறாள். அம்மாவைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தவள், சாப்பாட்டு மேஜையைப் பார்த்தாள். பிறகு எல்லா எல்போவையும் டீயையும் ஒரு சாக்கில் வாரிப் போட்டு மூலையில் வைத்தாள்.

டாக்டர் வீட்டுக்கு அனுப்ப நாள் சொன்னார். உயரமான கமோடு வேண்டும், கையில் பிடிக்கிற ஷவர் வேண்டும், வெந்நீர் தடையில்லாமல் வர வேண்டும் என்றார். சீதாராமன் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடியே ஜேனாவுக்குப் போன் செய்தார்.

மறுநாள் காலை பத்தரை மணிக்கு இருவரும் சாந்தினி சௌக்கில் ஒரு கடை கவுன்ட்டரில் நின்றார்கள். அவர் ஏழெட்டுத் தடவை வந்த கடைதான். கடைக்காரர் அவரைப் பார்த்ததும் கொஞ்சம் சலித்துக்கொண்டாற்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என்ன எடுக்கட்டும், மேஷோமஷாய்?" என்று ஜேனா கேட்டார்.

சீதாராமன் நோட்டைக் கொண்டுவரவில்லை. "உன் வீட்டுக்குப் போடறதா இருந்தா எதைப் போடுவே?"

"சி.பி.வி.சி. மேலேருந்து வர்ற லைன் ஒரு இன்ச், உள்ளே முக்கால், குழாய் முனையில அரை. கீசருக்கும் குழாய் மாட்டற இடத்துக்கும் பித்தளை மரை. எல்லாம் ஒரே கம்பெனி. வெயில் படற இடத்துல பெயின்ட் அடிச்சிடுவேன்."

"ஒழுகாதா?"

ஜேனா அவர் முகத்தைப் பார்த்தார். "ஒழுகினா நான் இருக்கேனே. தெருமுனையிலதானே இருக்கேன்."

மூன்று வருஷத்தில் இந்தப் பதில் அவருடைய நோட்டின் எந்தப் பத்தியிலும் வரவில்லை. "அதையே எடு" என்றார்.

பதினெட்டு எல்போ, ஏழு டீ, ஐந்து கப்ளர், இரண்டு யூனியன், நாலு பால் வால்வ். ஒன்றிலிருந்து முக்காலுக்கும், முக்காலிலிருந்து அரைக்கும் இறக்குகிற ரெட்யூசர்கள். பசை டப்பா ஒன்று. ஜேனா ஒவ்வொன்றையும் எடுத்து மரையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, பெட்டியில் போட்டார். கடைச் சுவரில் கடிகாரம் இருந்தது. அவர்கள் வெளியே வந்தபோது பதினொன்று பத்து. நாற்பது நிமிஷம். சீதாராமன் நடைபாதையில், ஒரு மின்விசிறிக் கடை வாசலில் நின்றுவிட்டார். ஜேனா பெட்டியைத் தலையில் வைத்தபடி திரும்பி வந்து, "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லை" என்றார்.

நாலு நாளில் வேலை முடிந்தது. பழைய குழாய்களைக் கழற்றி முற்றத்தில் குவித்தார்கள். கடைசி நாள் ஜேனா மொட்டை மாடியில் வால்வைத் திறந்துவிட்டு, "பாருங்க" என்று மேலிருந்து குரல் கொடுத்தார். குளியலறைக் குழாய் இரண்டு முறை இருமியது. கலங்கலாகக் கொஞ்சம் வந்தது. பிறகு தெளிந்து, வாளியின் அடியில் சத்தமாக விழுந்தது. ஒரு வாளி நிறைய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஓர் இணைப்பிலும் ஒரு சொட்டு இல்லை. சீதாராமன் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயை மூடாமல், கவிழ்த்துப்போட்ட மற்றொரு வாளிமேல் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் வழிந்து அவர் வேட்டி நனைந்தது. வெளியே மதுவந்தி இரண்டு தடவை கதவைத் தட்டிவிட்டுப் போனாள்.

சுந்தரவல்லி பதினெட்டாம் நாள் வீட்டுக்கு வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். வாக்கரைப் பிடித்து நிற்கச் சொன்னால் நாலு எண்ணுவதற்குள் உட்கார்ந்துவிடுவாள். பகலுக்கு ஓர் ஆயாவை வைத்தார்கள். அவள் ஈரத்துணியால் படுக்கையிலேயே துடைத்துவிடுவாள். புதுக் குழாயில் பிடித்த வெந்நீர்தான். ஆனால் அது இன்னும் வாளியில்தான் அவளிடம் போயிற்று.

டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு நாள் அவளே கேட்டாள், "என்னை ஒரு தடவை பாத்ரூமுக்கு அழைச்சுண்டு போங்கோ." ஆயாவும் அவருமாகச் சக்கர நாற்காலியில் கொண்டுபோனார்கள். அவர் கை ஷவரை எடுத்து, சூட்டைத் தன் முழங்கையில் பார்த்து, அவள் உள்ளங்கையில் மெதுவாக விட்டார். அவள் விரல்களை விரித்து வைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தாள். சுவரில் ஓடுகிற குழாயைப் பார்த்தாள், மூலை எல்போவைப் பார்த்தாள், கீசருக்குக் கீழே மின்னிய பித்தளையைப் பார்த்தாள்.

"இதுக்கா மூணு வருஷம்?" என்றாள்.

கோபமாகக் கேட்கவில்லை. எக்ஸ்சேஞ்சில் எத்தனையோ பேரிடம் எந்த நம்பர் வேண்டும் என்று கேட்ட அதே குரல்தான். தெரிந்துகொள்ளக் கேட்டாள். அவருக்குப் பித்தளை, பிளாஸ்டிக், சூட்டில் விரிவது என்று என்னவோ தொண்டை வரை வந்தது. அதை எப்படிச் சொல்வது?

"தெரியலை, வல்லி" என்றார்.

"சரி, நிறுத்துங்கோ. குளிர்றது."

அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது. ஜனவரியில் நெஞ்சில் சளி கட்டி மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஆறாம் நாள் போய்விட்டாள். கேவ்ராதலா சுடுகாட்டில் மின் தகனம். பந்தல் இளைஞர்களில் மூன்று பேர் வந்திருந்தார்கள். ஜேனா தோளில் துண்டோடு கடைசி வரை நின்றார்.

பதின்மூன்று நாள் காரியம் முடிந்த மறுநாள் மதுவந்தி அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்தாள். அவளுக்கு வங்காளிதான் சரளம்; தமிழ் வீட்டுத் தமிழ்.

"உங்க மேல கோபம் இல்லைன்னு சொன்னா அது பொய், அப்பா. இருக்கு. பீஷண், பயங்கரக் கோபம். ஆனா உங்களை இங்க தனியா விட்டுட்டுப் போக முடியாது. என்னோட புனேக்கு வாங்கோ."

"எப்போ?"

"நீங்க யோசிச்சு..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள்.

"வரேன்" என்றார். "டிக்கெட் எடு."

அவர் வாழ்க்கையில் அத்தனை வேகமாக எடுத்த முடிவு வேறில்லை. மூன்று தலைமுறை இருந்த வீட்டை ஒன்பது நாளில் காலி செய்தார். வல்லியின் புடவைகளை ரீனா பௌதியிடம் கொடுத்து, யாருக்காவது கொடுக்கச் சொன்னார். தளவாடங்கள் எது எங்கே போயிற்று என்று பார்க்கவில்லை. மதுவந்தி ஏதாவது பொருளைக் காட்டி "இது?" என்றால், முழுசாகப் பார்க்காமலே தலையை ஆட்டினார். அந்த ஆட்டத்துக்கு ஆமென்றா இல்லையென்றா அர்த்தம் என்று அவள்தான் தீர்மானித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அடுத்த வருஷம் வீட்டுக்காரர் அந்த வீட்டை ஒரு பில்டரிடம் கொடுத்துவிட்டார் என்று ரீனா பௌதி போனில் சொன்னாள். அவளும் மகன் வீட்டுக்குப் போய்விட்டாளாம். இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். சீதாராமன் "ஓ" என்று மட்டும் சொன்னார்.

புனேயில் அவர்கள் வீடு பதினோராவது மாடியில். இப்போது அவருக்கு எழுபத்து நாலு வயது. மதுவந்தி எட்டு மணிக்கு ஆபீசுக்குக் கிளம்பிவிடுவாள். அவர் கீழே இறங்கி, கட்டடத்தை இரண்டு தடவை சுற்றி நடந்துவிட்டு மேலே வருவார். பெஞ்சில் உட்காருகிற கிழவர்கள் மராத்தியில் பேசிக்கொள்வார்கள். அவர் பக்கத்தில் நின்று கேட்பார், புரியாது. வங்காளி பேச ஆளில்லை. தமிழ் பேச மகள் வர வேண்டும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அவரைக் கண்ணாடிக் கடைக்கு அழைத்துப் போனாள். பார்வை பரிசோதித்தாயிற்று. விற்பனைப் பெண் இருபது ஃபிரேம்களை எதிரில் பரப்பி வைத்தாள். மதுவந்தி காத்திருந்தாள். அவர் ஒவ்வொன்றாக எடுத்து, மூக்கில் வைத்து, மடக்கி விரித்துப் பார்ப்பார், மத்தியானம் போய்விடும் என்று எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள்.

அவர் எதையும் தொடவில்லை. "உனக்கு எது சரின்னு தோண்றதோ அதைச் சொல்லிடும்மா" என்றார்.

"உங்க முகத்துக்கு அப்பா. போட்டுப் பாருங்கோ."

"எதுவானாலும் சரிதான்."

அவள் ஒரு கறுப்பு ஃபிரேமை எடுத்துக் கொடுத்தாள். அது அவருக்குக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. அவர் ஆட்சேபிக்கவில்லை. கடைக்கு வெளியே அவள் ஆட்டோ தேடும்போது, அவர் நடைபாதை ஓரத்தில் அவள் எந்தப் பக்கம் போகச் சொல்வாள் என்று அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.